பன்னிரண்டு விளக்கில் ஒரு எண்

மொத்தம் 89 எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், ஆக 178 இடத்தில் ஈயம் வைக்க வேண்டும், இது விளக்குகளுக்கு மட்டும். அப்புறம் 26 ஸ்விட்ச், ஸ்விட்சுக்கு ஒன்று வீதம் டயோடு, ரெசிஸ்டர்கள், ஒரு ஐ.சி., கடைசியாக 40 துளை கொண்ட ஒரு கனெக்டர். ரொம்ப நாளாகப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்த பைடிபி-8 கிட்டை ஒருவழியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று சாயங்காலமும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது. இப்போது இதை எழுதும்போது மேசை ஓரத்தில் மினுக் மினுக்கென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

பைடிபி-8 என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1965-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், பிடிபி-8 என்றொரு கணினியைக் கொண்டுவந்தது. ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நின்ற பெரிய கணினிகளின் காலத்தில், ஒரு ஆய்வுக்கூடத்தின் மூலையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவில், 18,000 டாலருக்கு வந்தது. மினிகம்ப்யூட்டர் என்று சொல்வார்களே, அதில் வியாபார ரீதியாக முதலில் பெரிதாக வென்றது இதுதான். 12 பிட் இயந்திரம், அதாவது ஒரு எண்ணைப் பன்னிரண்டு பிட்டாக, 0 அல்லது 1-ஆக, வைத்துக்கொள்ளும். அப்படி ஒரு எண்தான் ஒரு 'சொல்'. அடிப்படை நினைவகம் 4096 சொற்கள், அவ்வளவுதான். 1968-இல் ஐ.சி.களை வைத்து அதையே பிடிபி-8/ஐ என்று செய்தார்கள். அதன் முன்பலகை அழகோ அழகு: வரிசை வரிசையாக விளக்குகள், கீழே இரண்டு நிறத்தில் மாறி மாறி ஸ்விட்சுகள்.

அந்த முன்பலகையை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருக்கி, பைடிபி-8 என்ற கிட்டாகச் செய்தவர் ஆஸ்கர் வெர்மூலன். பலகைக்குப் பின்னால் பழைய டெக் மின்சுற்று எதுவும் கிடையாது, ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி மட்டும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பாப் சுப்னிக் 1993-இல் தொடங்கிவைத்த சிம்ஹெச் எமுலேட்டர் ஓடும். அது உள்ளுக்குள் பிடிபி-8-ஆக நடந்துகொள்ளும், நடப்பதை அந்தந்த நொடியே விளக்குகளில் காட்டும், நீங்கள் ஸ்விட்சைத் தட்டினால் கேட்டுக்கொள்ளும்.

நான் இதற்கு முன் ராஸ்பெர்ரி பையை வைத்து இரண்டு மூன்று வேலை செய்திருக்கிறேன். வெப்பநிலை பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று. எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் ஒரு மாட்யூலை நாலு கம்பியில் செருகி, யாரோ எழுதிவைத்த நிரல் லைப்ரரியை இறக்கி, பத்து வரி எழுதினால் எண் திரையில் வந்துவிடுகிறது, நடுவில் என்ன நடந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. இந்தக் கிட்டை வாங்கியதே அந்த நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்றுதான். ஒரு கணினி கூட்டல் போடும்போது எந்த பிட் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், அந்த பிட்டை விரலால் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, சால்டரிங். உயரம் குறைந்ததில் தொடங்கி உயரமானதுக்குப் போவதுதான் எல்லாப் போர்டுக்கும் முறை: டயோடு, ரெசிஸ்டர், ஐ.சி. சாக்கெட், எல்.இ.டி., அப்புறம் ஸ்விட்ச். டயோடில் கறுப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செருகினேன், எல்லாம் செருகி முடித்துவிட்டு இன்னொரு முறை வரிசையாகப் பார்த்தேன், அதற்கப்புறம்தான் சால்டரிங் அயர்னையே சூடாக்கினேன். இந்த ஒழுங்கை எல்.இ.டி. வரைக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

எல்.இ.டி.களில் இரண்டு விஷயம். ஒன்று, நீளமான கால் நேர்மின் பக்கம், அதை எந்தத் துளையில் விடுவது என்று போர்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு, 89-ம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தாலும் முன்பலகை அதன் தலையில் முட்டி ஒரு மூலையில் தூக்கிக்கொள்ளும். நான் கெட்டி அட்டையை நீளப் பட்டையாக வெட்டி, ஒரு வரிசையின் கால்களுக்கு நடுவே படுக்கப்போட்டு, எல்.இ.டி.யின் வயிறு அதில் உட்காரும்படி வைத்தேன். முதலில் ஒரு கால் மட்டும். அந்த வரிசை முழுக்க ஒரு கால் வைத்து முடித்ததும் போர்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செங்கல் சுவருக்கு நூல் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்ப்பது. சாய்ந்திருப்பதை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு அந்த ஒற்றைக் காலைத் திரும்பச் சூடாக்கினால் 'டக்' என்று சரியாக உட்காரும், அந்தச் சின்ன அசைவு விரல் நுனியில் தெரியும். எல்லாம் நேரான பிறகு இரண்டாவது கால். இரண்டு காலையும் வைத்த பிறகு திருத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஒன்றைச் சூடாக்குவதற்குள் இன்னொன்று ஆறிவிடும், போர்டில் உள்ள செம்புத் தடமும் பிய்ந்துகொண்டு வரும்.

அயர்ன் 350 டிகிரி. காலையும் தடத்தையும் சேர்த்துத் தொட்டு, ஈயத்தை அயர்னில் வைக்காமல் இணைப்பில் வைத்து, இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிட வேண்டும். நல்ல இணைப்பு சின்ன எரிமலை மாதிரி காலைச் சுற்றிச் சரிந்து பளபளவென்று இருக்கும். உருண்டையாக, மங்கலாக, தடத்தில் ஒட்டாமல் காலில் மட்டும் திரண்டிருந்தால் அது சரியில்லை, பார்க்கும்போதே திரும்பத் தொட்டுவிடுங்கள். நான் ஒன்றை அப்படிப் பார்த்தும் 'பரவாயில்லை' என்று விட்டேன்.

ஸ்விட்சுகளும் அதே கதைதான், உயரத்தோடு இடவலமும் சேர்ந்துகொள்ளும். 26 ஸ்விட்சும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கண்ணை உறுத்தும். மர ஸ்கேலை நெம்புகோல்களின் பின்னால் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கால், பார், திருத்து, பிறகு மீதி. இதற்கு மட்டும் ஒரு சாயங்காலம் போனது, போனால் போகட்டும்.

கனெக்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ராஸ்பெர்ரி பை போர்டின் முதுகுப் பக்கம் தொங்குகிறது. அதனால் 40 துளைக் கனெக்டரை முதுகுப் பக்கம் செருகி, முன்பக்கம் சால்டர் செய்ய வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் நேரெதிராக. அதுவரை நூற்றுக்கணக்கான இணைப்பு ஒரே திசையில் வைத்த கை தன்னிச்சையாக அதே பக்கம் போகும். அயர்னைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து செய்யுங்கள். 40 காலைக் கழற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பையைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று பார்த்தேன். பையின் ஜி.பி.ஐ.ஓ. பின்கள், அதாவது நிரலால் இயக்கவும் படிக்கவும் முடிகிற பின்கள், 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் ஏறினால் தாங்காது. இந்த ஒரு நிமிட வேலை ஒரு போர்டையே காப்பாற்றும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 89 விளக்கு, 26 ஸ்விட்ச், ஒன்றுக்கு ஒரு பின் என்றால் 115 பின் வேண்டும். பையில் இருப்பது 40 பின், அதில் மின்சாரமும் கிரவுண்டும், தனி வேலைக்கு ஒதுக்கிய இரண்டு பின்னும் போக நமக்குக் கிடைப்பது 26. எப்படிச் சமாளிப்பது? கட்டம் போடுவதுதான் வழி. 12 நெடுவரிசை, 8 கிடைவரிசை, 96 சந்திப்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கிடைவரிசைக்கு மட்டும் மின்சாரம், அதில் எந்தெந்த விளக்கு எரிய வேண்டுமோ அந்த நெடுவரிசைகள் மட்டும் திறக்கும். அடுத்த வரிசை, அதற்கடுத்தது என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற வேகத்தில் நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதுபோலத் தெரிகிறது. அதே 12 நெடுவரிசையையே ஸ்விட்சுகளைப் படிக்கவும் பயன்படுத்திக்கொள்கிறது, அதற்குக் கூடுதலாக 3 வரிசை. 12, 8, 3 கூட்டினால் 23. இருக்கிற 26-க்குள் அடங்கிவிட்டது.

ஒரு கிடைவரிசையில் 12 விளக்கும் ஒரே நேரத்தில் எரியலாம் இல்லையா, அந்த மின்னோட்டம் முழுவதையும் பையின் ஒரு பின் கொடுக்க முடியாது. அதற்குத்தான் அந்த ஐ.சி., யுடிஎன் 2981, அதில் எட்டு வாய், எட்டு கிடைவரிசைக்கு எட்டு. பை 'இந்த வரிசை' என்று சைகை மட்டும் காட்டும், மின்னோட்டத்தை ஐ.சி. தூக்கிக் கொடுக்கும்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படித்ததற்குக் காரணம் இருக்கிறது. மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றி, பையைச் செருகி, மின்சாரம் கொடுத்தேன். விளக்குகள் எரிந்தன. சோதனை நிரலை ஓட்டினேன், எல்லா விளக்கையும் ஒன்றாக ஏற்றும். நிரல் கவுண்டர் வரிசையில், அதாவது அடுத்த கட்டளையின் முகவரியைக் காட்டும் வரிசையில், ஒரு விளக்கு இருட்டு. அதுபோக வலமிருந்து ஏழாவது நெடுவரிசை மேலிருந்து கீழே முழுக்க இருட்டு. வயிற்றைப் பிசைந்தது. முதலில் தோன்றியது, எல்.இ.டி.கள் போய்விட்டன, அத்தனையையும் கழற்ற வேண்டும் என்பதுதான்.

அயர்னைத் தொடவில்லை. கட்டத்தை ஒரு தாளில் வரைந்தேன். வரைந்ததும் வியாதி தானாகப் பிடிபட்டது. ஒரே நெடுவரிசையில் அத்தனை எல்.இ.டி.யும் சேர்ந்தாற்போல் போகாது, ஆகவே கோளாறு அவை எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்: அந்த நெடுவரிசையின் ரெசிஸ்டர், அல்லது கனெக்டரில் அதற்கான பின். அந்த நெடுவரிசையை ஸ்விட்சும் பகிர்ந்துகொள்கிறது என்று படித்தது ஞாபகம் வந்து, அந்த ஸ்விட்சைத் தட்டினேன், அதுவும் செத்திருந்தது. சந்தேகமே இல்லை, பின்தான் பார்க்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த 'பரவாயில்லை' இணைப்பு. உருண்டையாக, காலைச் சுற்றி முடி அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையம். அயர்னை இரண்டு நொடி வைத்துக் கொஞ்சம் ஈயம் கொடுத்ததும் வளையம் மறைந்தது, நெடுவரிசை முழுக்க எழுந்துகொண்டது, ஸ்விட்சும்தான்.

ஒற்றை விளக்கு வேறு விதம். அதன் கிடைவரிசையிலும் மற்றவை எரிகின்றன, நெடுவரிசையிலும் எரிகின்றன, ஆகவே கோளாறு அதனிடமே. திருப்பிப் போட்டிருக்கிறேன். கழற்றும்போது காலைப் பிடித்து இழுக்கவில்லை. முன்பக்கம் எல்.இ.டி.யின் தலையை வெட்டிவிட்டு, கால் ஒவ்வொன்றாகச் சூடாக்கி ட்வீசரால் எடுத்து, துளையைச் செம்பு வலைப் பட்டையால் சுத்தம் செய்து, புதிதாக ஒன்று வைத்தேன். எல்.இ.டி. போனால் இன்னொன்று கிடைக்கும், தடம் போனால் போனதுதான்.

இன்னொரு சின்னத் தொந்தரவும் இருந்தது, நடுநடுவே பை உறைந்து நின்றது. திரையை இணைத்துப் பார்த்தால் மூலையில் மின்னல் குறி, மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். பழைய போன் சார்ஜரை எடுத்துவிட்டு 2.5 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் தீர்ந்தது.

எல்லாம் எரிந்த பிறகு அந்த மென்பொருளில் ஒன்றைக் கவனித்தேன், அதைச் சொல்லாமல் போக மனசில்லை. உண்மையான பிடிபி-8/ஐ-இல் இருந்தவை இழை பல்புகள். இழை சூடாகக் கொஞ்ச நேரம், ஆறக் கொஞ்ச நேரம் எடுக்கும். எல்.இ.டி. பட்டென்று எரியும், பட்டென்று அணையும். இந்த மென்பொருளை எழுதியவர்கள் ஒவ்வொரு விளக்கின் வெளிச்சத்தையும் இழை மாதிரி மெல்ல ஏற்றி மெல்ல இறக்குகிறார்கள். அடிக்கடி மாறும் பிட் பாதி வெளிச்சத்தில் தணல்போல நிற்கும், எப்போதோ மாறும் பிட் நிறைய ஏறி மெதுவாக வடியும். ஒரு நிரல் எங்கே அதிக நேரம் சுற்றுகிறது என்பது வெளிச்சத்திலேயே தெரிகிறது.

சாயங்காலம் அக்கா மகள் வந்தாள், பத்து வயது. போனில் விளக்கு எரியாத கதையெல்லாம் கேட்டிருந்ததால் நேரே மேசைக்கு வந்துவிட்டாள். "மாமா, இது என்ன பண்ணும்?" என்றாள். கூட்டும் என்றேன். கீபோர்டு எங்கே என்று கேட்டாள். இந்த ஸ்விட்சுகள்தான் என்றேன்.

எண் வைப்பதற்கான 12 ஸ்விட்சும் மூன்று மூன்றாக நிறம் பிரித்து இருப்பதால் ஒவ்வொரு மூன்றும் 0 முதல் 7 வரை ஒரு இலக்கம். வலப்பக்க ஸ்விட்ச் 1, நடு 2, இடது 4, அவளுக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டது. 0200 வைத்து லோட் அட்ரஸ் தட்டச் சொன்னேன், நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்வது அது. அப்புறம் 7300 வைத்து டெபாசிட், அந்த இடத்தில் எண்ணைப் போட்டுவைப்பது. அழி என்று அர்த்தம். 1204, டெபாசிட். 0204-இல் இருப்பதைக் கூட்டு. 1205, டெபாசிட். 0205-இல் இருப்பதைக் கூட்டு. 7402, நில். அதற்கடுத்த இரண்டு இடத்தில் அவள் விருப்பப்பட்ட எண்கள், 7-ம் 6-ம். ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் முகவரி தானாக ஒன்று நகர்ந்தது, அதை விளக்கில் பார்த்துவிட்டு "எண்ணிக்கிட்டே போகுது மாமா" என்றாள். திரும்ப 0200, லோட் அட்ரஸ், ஸ்டார்ட். விடை வந்து நிற்கும் அக்குமுலேட்டர் வரிசையில் மூன்று விளக்கு. வலமிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். விரலை வைத்து எட்டு, நாலு, ஒன்று என்று எண்ணிவிட்டு, "பதிமூணு" என்று கத்தினாள்.

உடனே அடுத்த கேள்வி, கழிக்குமா? பிடிபி-8-இல் கழித்தலுக்குக் கட்டளையே கிடையாது. மொத்தமே எட்டு வகைக் கட்டளைதான். ஒரு எண்ணின் எல்லா பிட்டையும் தலைகீழாக்கி ஒன்றைக் கூட்டினால் அதன் எதிர்மம், 7041 அதைச் செய்யும், பிறகு கூட்டினால் கழித்ததாக ஆகிவிடும். புது நிரலை நானே போட்டேன்: 7300, 1205, 7041, 1206, 7402. கழிக்கவேண்டியது 0205-இல், எதிலிருந்து கழிக்கவேண்டுமோ அது 0206-இல். எண்களை அவளிடம் விட்டேன். 0205-இல் 10 வைத்தாள், ஆக்டலில், அதாவது 0 முதல் 7 வரை மட்டும் உள்ள இந்த எண்முறையில், 0012. 0206-இல் 7. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஸ்டார்ட் தட்டினாள்.

வரிசை முழுக்கத் தகதகவென்று எரிந்தது, வலமிருந்து இரண்டாவது விளக்கு ஒன்றைத் தவிர. 7775, அதாவது மைனஸ் மூன்று.

அவள் குனிந்து அந்த இருட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இதையும் திருப்பிப் போட்டுட்டியா?"

இல்லை கண்ணு, அது அணைந்துதான் இருக்க வேண்டும் என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டாள். சரியான கேள்வி. 0205-இல் 7, 0206-இல் 10 என்று மாற்றிப் போடச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்விட்சாக வைத்தாள், லோட் அட்ரஸ், டெபாசிட், டெபாசிட், மறுபடி 0200. ஸ்டார்ட். இடப்பக்கம் தனியாக இருக்கும், 12 பிட்டைத் தாண்டி வழிந்ததைக் காட்டும் லிங்க் விளக்கு எரிந்தது, அக்குமுலேட்டர் வரிசையில் பத்து விளக்கு அணைந்தன, கடைசி இரண்டு மட்டும் நின்றன. அவள் சந்தேகப்பட்ட விளக்கின் மேல் விரலை வைத்து மூடித் திறந்து பார்த்தாள்.